சுயேச்சை காமிக்ஸ்: கடைக்கு அனுப்புவதா, வாசகரிடமே விற்பதா?

அமெரிக்க காமிக்ஸ் சந்தையில் ஒரு சிறிய பதிப்பகத்தின் இதழ் 5,000 பிரதி போனால் அது மோசமில்லாத எண். பாராட்டு வரும், விமர்சனம் வரும், ஏதாவது ஒரு பட்டியலில் பெயரும் வரும். ஆனால் அந்த 22 பக்கங்களை ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த ஓவியருக்கு ஒரு டாலர்கூட வராமல் போயிருக்கலாம். அதே ஓவியர் 500 பேரிடம் நேரடியாக விற்றிருந்தால் வாடகையில் ஒரு பங்காவது தேறியிருக்கும். விற்பனை எண் ஒரு பக்கம் போகும், வருமானம் இன்னொரு பக்கம் போகும். அதனால் எந்த வழியில் வெளியிடுவது என்று யோசிப்பவர் ‘எத்தனை பிரதி போகும்’ என்று தொடங்கக் கூடாது. ஒரு பிரதிக்குக் கையில் எவ்வளவு நிற்கும், வரைந்து முடிக்கும்வரை சாப்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் முதலில் கேட்க வேண்டும்.

ஒப்பிட வசதியாக ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். கதை ஒருவர், ஓவியம் ஒருவர், பாத்திரங்கள் அவர்களுடைய சொந்தக் கற்பனை. வண்ணமும் லெட்டரிங்கும் (படத்தில் வசனத்தை எழுதிச் சேர்ப்பது) வெளியாட்களுக்குக் கூலி கொடுத்துச் செய்வது. பக்கத்துக்கு வண்ணம் 40 டாலர், லெட்டரிங் 20 டாலர் என்று வைத்தால் 22 பக்கத்துக்கு 1,320 டாலர். இது தாராளமான கூலி இல்லை. இனி வரும் கணக்குகளில் அச்சுச் செலவு, தபால் செலவு போன்றவையும் நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் அச்சகம் சொல்லும் விலையைப் போட்டுப் பார்த்தால் விடை கொஞ்சம் மாறும். எது மேல், எது கீழ் என்பது பெரிதாக மாறாது.

கடை வழி

காமிக்ஸ் கடைகளுக்கென்று தனியான விநியோகம் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. ஃபில் சூலிங் என்பவர் பதிப்பகங்களோடு பேசி ஒரு பேரம் போட்டார்: தள்ளுபடி அதிகமாகக் கொடுங்கள், விற்காத பிரதியைத் திருப்பித் தர மாட்டோம். சிறிய பதிப்பகங்கள் பிழைத்ததற்குக் காரணம் இந்தப் பேரம்தான். எவ்வளவு ஆர்டர் வந்திருக்கிறதோ அவ்வளவு மட்டும் அச்சடிக்கலாம், விற்காமல் திரும்பி வரும் என்ற பயம் இல்லை. ஆனால் விற்காத சரக்கின் நஷ்டம் முழுக்கக் கடைக்காரர் தலையில் விழுகிறது. பெயர் தெரியாத ஒரு புது இதழுக்கு அவர் இரண்டு பிரதி சொல்வார், துணிச்சல்காரர் ஐந்து சொல்வார். அதையும் இதழ் வெளிவருவதற்கு மாதங்களுக்கு முன்பே, அட்டைப் படத்தையும் நாலு வரி அறிமுகத்தையும் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்வார். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஆர்டரைக் கடைசியாகத் திருத்த ஒரு கெடு உண்டு. உங்கள் வருமானம் அந்தத் தேதியில் முடிவாகிவிடுகிறது. வாசகர் அப்போது இதழை இன்னும் பார்த்திருக்கவே மாட்டார்.

விற்பனைப் பட்டியல்களை இதனால்தான் கொஞ்சம் தள்ளி நின்று படிக்க வேண்டும். அவற்றில் இருப்பது கடைகள் வாங்கிய எண்ணிக்கை. அதில் எத்தனை வாசகர் கைக்குப் போனது என்பது தனிக் கதை. முதல் இதழுக்குப் பத்து பிரதி வாங்கினால் ஒரு சிறப்பு அட்டை என்பதுபோலச் சலுகை கொடுத்து எண்ணை ஏற்றுவது வழக்கம். இரண்டாம் இதழில் ஆர்டர் பாதியாகச் சரிவதும் அதே அளவுக்கு வழக்கம்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். அட்டை விலை 3.99 டாலர். ஏறக்குறைய பாதி கடைக்குப் போகும். விநியோகஸ்தர் தன் பங்கை எடுத்ததும் பதிப்பகத்துக்கு வருவது அட்டை விலையில் 40 சதவீதம், அதாவது 1.60 டாலர். 5,000 பிரதி அச்சடிக்க ஒன்றுக்கு 85 சென்ட் என்றால் 75 சென்ட் மிச்சம். மொத்தம் 3,750 டாலர். பதிப்பகம் இமேஜ் காமிக்ஸ் போல ஒரு நிலையான கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் படைப்பாளிக்கே தரும் வகை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டணம் 2,500 டாலர் என்றால் நிற்பது 1,250. வண்ணத்துக்கும் லெட்டரிங்குக்கும் ஏற்கனவே 1,320 கொடுத்தாயிற்று. ஆக 70 டாலர் துண்டு விழுகிறது. கதாசிரியர், ஓவியர் இருவருக்கும் பூஜ்யம்.

10,000 பிரதி போனால் அச்சுச் செலவு 60 சென்ட்டுக்கு இறங்கும், எல்லாம் போக 6,180 டாலர் நிற்கும், ஆளுக்கு 3,090. அப்போது இது பிழைப்பு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. கீழே இறங்கிப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். இரண்டாம் இதழ் 3,000-க்கு விழுந்து, அச்சு ஒன்றுக்கு 1.10 டாலர் ஆனால், வண்ணக்காரருக்குக் கொடுக்கும் முன்பே ஆயிரம் டாலர் பள்ளம். ஐந்து இதழ்க் கதையில் இந்தப் பள்ளம் மூன்று நான்கு முறை வரும். பிறகு வரும் தொகுப்பு நூல்தான் ஈடுகட்ட வேண்டும். அந்தத் தொகுப்பின் முதல் பாகத்தையும் பல சமயம் புது வாசகரை இழுக்க மலிவு விலைக்குக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இமேஜ் முறைக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். 1992-ல் டாட் மெக்ஃபார்லேன், ஜிம் லீ, ராப் லைஃபெல்ட் உட்பட ஏழு ஓவியர்கள் தொடங்கிய பதிப்பகம் அது. படைப்புரிமை முழுக்கப் படைப்பாளியிடமே இருக்கும் என்பது அதன் அடிப்படை விதி. முன்பணம் கிடையாது, உரிமையில் பங்கும் கேட்பதில்லை. வேறு சில பதிப்பகங்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டு, திரைப்பட, தொலைக்காட்சி உரிமையில் பங்கு கேட்கின்றன. சிலது பாதி வரைக்கும் போகும். கையில் சேமிப்பே இல்லாத ஓவியருக்கு அந்தக் கூலிதான் சோறு, அதை ஏற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கக் கூலியும் தராமல், எல்லா உரிமையிலும் பாதிக்கு மேல் கேட்டு, விளம்பரத்தையும் படைப்பாளியே பார்த்துக்கொள்ளட்டும் என்கிற ஒப்பந்தம் வந்தால், எழுந்து வந்துவிடலாம்.

பதிப்பகமே இல்லாமல் நீங்களே அச்சடித்துக் கடைக்கு அனுப்பலாமா? அனுப்பலாம், அனுப்பியிருக்கிறார்கள். 1984-ல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் நிஞ்சா ஆமைகளின் முதல் இதழை வருமான வரி திரும்பி வந்த பணத்தையும் ஒரு மாமாவிடம் வாங்கிய கடனையும் வைத்து மூவாயிரம் சொச்சம் பிரதி அடித்தார்கள். ஜெஃப் ஸ்மித் 1991-ல் ‘போன்’ என்ற தொடரைச் சொந்தமாகத் தொடங்கியதும் இதே வழியில்தான். அந்தக் காலத்தில் பல விநியோகஸ்தர்கள் இருந்தார்கள். 1990-களின் நடுவிலிருந்து ஏறக்குறைய எல்லாமே டயமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குப் போனது. 2009-ல் அது ஒரு தலைப்புக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆர்டர் மதிப்பை 1,500 டாலரிலிருந்து 2,500 டாலருக்கு ஏற்றியபோது சிறியவர்கள் பலருக்குக் கதவு மூடியது. பிறகு 2020-ல் டிசி விலகியது, 2021-ல் மார்வெல், 2023-ல் இமேஜ். 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதோடும் நிற்கவில்லை. விற்ற பிறகு காசு என்ற கன்சைன்மென்ட் முறையில் பதிப்பகங்கள் அதன் கிடங்கில் வைத்திருந்த புத்தகங்களையே விற்றுக் கடன் அடைக்க அனுமதி கேட்டது. பதிப்பகங்கள் எதிர்த்து நின்றன. நம் சரக்கு இன்னொருவர் கிடங்கில் இருக்கும்போது அது யாருடையது என்று சட்டப்படி பதிவு செய்திருக்கிறோமா என்ற கேள்வி, தனியாளாகக் கடைக்கு அனுப்ப நினைப்பவருக்கு இனி அச்சு விலையை விட முக்கியம்.

வாசகரிடமே

பீட்டர் லேர்ட் ஆமைகளில் சம்பாதித்ததில் 1992-ல் ஸெரிக் என்ற அறக்கட்டளை தொடங்கி, சொந்தமாக காமிக்ஸ் வெளியிடுபவர்களுக்கு நிதி கொடுத்தார். 2012-ல் அந்த நிதி நின்றது. இணையத்தில் வெளியிடுவதும் கூட்டு நிதி திரட்டுவதும் எளிதாகிவிட்ட காலம் அது. வாசகரிடம் முன்கூட்டியே பணம் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் தளம் 2009-ல் வந்தது, காமிக்ஸ் அதில் நன்றாக வேரூன்றிய பிரிவுகளில் ஒன்று.

அதன் கணக்கு இப்படி. 500 பேர், சராசரி 20 டாலர், மொத்தம் 10,000. தளத்துக்கு 5 சதவீதம், அதாவது 500. பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதமும் ஆளுக்கு 20 சென்ட்டும் சேர்த்து 400. மீதி 9,100. 700 பிரதி அச்சடிக்க ஒன்றுக்கு 2.50 டாலர் என்றால் 1,750. தபாலும் பொட்டலமும் ஆளுக்கு 5 டாலர் என்றால் 2,500. கூடக் கொடுக்கும் ஸ்டிக்கர், படம், இரண்டாவது அட்டைக்கெல்லாம் 600. வண்ணமும் லெட்டரிங்கும் 1,320. கடைசியில் 2,930 டாலர் நிற்கும், ஆளுக்கு 1,465. மேலே 200 பிரதி வீட்டில் மீதி, விழாக்களில் மேசை போட்டு விற்கலாம்.

கடை வழியில் இதே 2,930 டாலர் கிடைக்க ஏறக்குறைய 7,500 பிரதி போக வேண்டும், அதுவும் அச்சு ஒன்றுக்கு 70 சென்ட்டில் முடிந்தால். எனக்கு இந்த ஒப்பீட்டில் தலையாய எண் இதுதான். முன்பின் தெரியாத 7,500 பிரதிக்குச் சமமாகப் பெயர் தெரிந்த 500 பேர். அந்த 500 பேரின் மின்னஞ்சல் முகவரியும் உங்களிடம் இருக்கும். கடையில் வாங்கியவர் யாரென்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் அந்த 500 பேர் வானத்திலிருந்து குதிப்பதில்லை. 2012-ல் ரிச் பர்லூ என்ற காமிக்ஸ் படைப்பாளி தன் பழைய தொகுப்புகளை மறு அச்சிட 57,750 டாலர் கேட்டார், 12.5 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் பலர். அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் தன் கதையை இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்தார் என்பது செய்திக்குள் அடங்கிப் போனது. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு சென்ட்கூட வராது. எனவே நிச்சயமாகக் காசு கொடுப்பார்கள் என்று பெயர் சொல்லக்கூடிய ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு இலக்கு வைப்பது நல்லது.

கையைக் கடிக்கும் இடம் தபால்தான். தபால் செலவைத் தளத்தின் வழியாக வசூலித்தால் அதற்கும் சேர்த்துத் தளம் கட்டணம் எடுக்கும். அமெரிக்கத் தபால் துறையில் புத்தகங்களுக்கு மீடியா மெயில் என்ற மலிவான வகை உண்டு, ஆனால் காமிக்ஸ் இதழ்கள் அதில் சேராது, விளம்பரம் உள்ள எதையும் அதில் அனுப்பக் கூடாது. வெளிநாட்டு ஆதரவாளர் ஒருவருக்கு 10 டாலர் இதழை அனுப்ப இதழின் விலையை விட அதிகம் ஆகும். அப்புறம், பொட்டலம் கட்டுவது. 500 உறை என்பது பல நாள் வேலை, அந்த நாட்களில் ஓவியர் வரைய மாட்டார். இந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, நானும் மேலே எழுதவில்லை. முழுநீளத் தொகுப்பாகவே ஒரே முறையில் திரட்டினால், ஐந்து முறை பொட்டலம் கட்டுவது ஒரு முறையாகும். ஆனால் நூற்றுப் பத்துப் பக்கத்தை யாரும் பணம் தராத நிலையில் வரைந்து முடிக்க வேண்டும். முதல் முறை வருபவருக்கு ஒரே இதழில் முடியும் கதையைத்தான் நான் சொல்வேன். சொன்ன தேதியில் அனுப்பி முடித்தவருக்கு இரண்டாம் முறை பாதி வேலை முடிந்த மாதிரி.

மாதாமாதம், வாரா வாரம்

பேட்ரியான் போன்ற மாதச் சந்தா முறைக்கு ஒரு பெரிய நல்ல குணம்: வரைந்துகொண்டிருக்கும்போதே பணம் வரும். 200 பேர், சராசரி 5 டாலர் என்றால் 1,000. 2025 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்பவர்களுக்குத் தளக் கட்டணம் 10 சதவீதம். பரிமாற்றக் கட்டணமும் போனால் கையில் 800 சொச்சம். சிறிய சந்தாக்களில் பரிமாற்றக் கட்டணம் அதிகமாக உறைக்கும் என்பதால் ஒரு டாலர் சந்தாவை நம்பி உட்காருவது கட்டுப்படியாகாது.

வெப்டூன் போன்ற செங்குத்தாக உருட்டிப் படிக்கும் தளங்களில் யார் வேண்டுமானாலும் கதை ஏற்றலாம். உரிமை ஏற்றியவருடையது. விளம்பர வருமானப் பங்கு ஒரு குறிப்பிட்ட வாசகர் எண்ணிக்கையைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும், பெரும்பாலானவர்களுக்கு அது செலவுக்குக் காணாது. அங்கே சம்பாதிப்பது வாசகரை, காசை அல்ல. ஒரு சிக்கலை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள்: கைப்பேசித் திரைக்காக நீளமாக வரைந்ததை அச்சுப் பக்கத்துக்கு மாற்றுவது ஒட்டுவேலை இல்லை, பாதி மறுபடி வரைவது. பின்னால் புத்தகம் போடும் எண்ணம் இருந்தால் பக்கமாக வரைந்துவிட்டு, கட்டம் கட்டமாக வெட்டித் திரைக்குப் போடுவதுதான் சுலபம்.

டிஜிட்டல் பிரதி விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சொந்தமாக மின்னூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளத்தில் 70 சதவீத ராயல்டி என்று பார்த்து மயங்கக் கூடாது. அந்த வகையில் கோப்பின் அளவுக்கேற்ப மெகாபைட்டுக்கு 15 சென்ட் அனுப்பும் செலவாகக் கழிப்பார்கள். எழுத்து மட்டும் உள்ள நாவலுக்கு அது ஒன்றுமில்லை. 20 மெகாபைட் காமிக்ஸுக்கு 3 டாலர். 3.99 விலையில் அது போக மீதியில் 70 சதவீதம் 69 சென்ட். 35 சதவீத வகையில் கழிவு இல்லை, 1.40 கிடைக்கும். இட்ச்.ஐஓ தளத்தில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே வைக்கலாம். ஒரு காலத்தில் சுயேச்சைக்காரர்கள் நம்பிய காமிக்ஸாலஜி என்ற டிஜிட்டல் காமிக்ஸ் கடையை அமேசான் 2014-ல் வாங்கி, 2023 டிசம்பரில் அதன் செயலியையே மூடியது. ஒரே தளத்தை நம்பியிருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

முன்பணம்

பெரிய புத்தகப் பதிப்பகங்களின் வழி முற்றிலும் வேறு. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்குமான கிராஃபிக் நாவல் என்றால் முதலில் இந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். காமிக்ஸ் கடைக்குள் அந்தக் குழந்தைகள் வருவதில்லை. பள்ளிப் புத்தகக் கண்காட்சியிலும் நூலகத்திலும்தான் இருக்கிறார்கள். அங்கே உங்கள் இதழைத் தனியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

200 பக்க நூலுக்கு 30,000 டாலர் முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். முகவருக்கு 15 சதவீதம் போக 25,500, பக்கத்துக்கு 127 டாலர் சொச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையெழுத்தின்போது ஒரு தவணை, ஓவியம் முடிந்து கொடுத்தபின் ஒரு தவணை, வெளியானதும் ஒரு தவணை என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பரவி வரும். கதையும் ஓவியமும் இரண்டு பேர் என்றால் அதையும் பிரிக்க வேண்டும். ராயல்டி 14.99 டாலர் விலையில் 8 சதவீதம், அதாவது 1.20 என்றால், முன்பணம் கழிந்து அடுத்த டாலர் வர 25,000 பிரதி விற்க வேண்டும். பல நூல்கள் அந்த எண்ணைத் தொடாமலே நின்றுவிடும். தொடாவிட்டாலும் முன்பணத்தை வழக்கமாகத் திருப்பிக் கேட்பதில்லை. பக்கக் கூலி தரும் பதிப்பகங்களை விட்டால் இந்த ஒரு வழியில்தான் நஷ்டம் பதிப்பகத்தின் தலையில் விழுகிறது, ஓவியரின் மாதங்களுக்கு முன்கூட்டியே ஒரு விலை இருக்கிறது. விலை குறைவு என்று சலித்துக்கொள்ளலாம், ஆனால் மற்ற வழிகளில் பெரும்பாலும் அந்த மாதங்களுக்கு விலையே போடுவதில்லை.

எதை எடுப்பது

என் தேர்வு இப்படிப் போகும். குழந்தைகளுக்கான கதை என்றால் முகவர் தேடி முன்பணம். பெரியவர்களுக்கான கதை, வாசகர் கூட்டம் இன்னும் இல்லை என்றால் இணையத்தில் பக்கம் பக்கமாக வெளியிட்டு ஆள் சேர்ப்பது, கூடவே ஒரு சிறிய கூட்டு நிதி. முந்நூறு நானூறு பேர் உறுதியாக வாங்குவார்கள் என்ற நிலை வந்தால் கடை வழியை இப்போதைக்கு மறந்துவிட்டு நேரடியாகவே விற்கலாம். கடைக்குப் போவது, ஐந்து இதழும் வரைந்து கையில் இருக்கும்போது, அதற்கான கூலியை ஏற்கனவே கூட்டு நிதியில் எடுத்துவிட்டபோது. அப்போது கடையில் வருவது சில்லறையானாலும் வலிக்காது, கடைக்காரர்கள் பெயரைத் தெரிந்துகொள்வது லாபம். சேமிப்பும் இல்லை, வாசகரும் இல்லை, ஆனாலும் முதல் இதழை நேராகக் கடைக்கே அனுப்பிவிடலாம் என்பவரைத் தடுக்கத்தான் தோன்றுகிறது.

எந்த வழியானாலும் கதாசிரியரும் ஓவியரும் தங்களுக்குள் ஒரு காகிதம் எழுதிக்கொள்ள வேண்டும், முதல் பக்கம் வரையும் முன்பே. தி வாக்கிங் டெட் 2003-ல் தொடங்கியபோது அது தொலைக்காட்சித் தொடராகும் என்று யார் நினைத்தார்கள்? 2012-ல் அதன் முதல் ஓவியர் டோனி மூர், எழுத்தாளர் ராபர்ட் கிர்க்மன் மீது பங்கு தொடர்பாக வழக்குப் போட்டார். அதே ஆண்டு சமரசம் ஆனது. இளம் வயதிலிருந்து நண்பர்கள் இருவரும். பெயர் எந்த வரிசையில், உரிமை எந்த விகிதத்தில், ஒருவர் பாதியில் விலகினால் என்ன, ஒருவர் மட்டும் பதிப்பகத்திடம் கையெழுத்திட முடியுமா என்று நான்கு விஷயம் எழுதினால் போதும்.

பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் உரிமை எப்போது திரும்பி வரும் என்ற பிரிவைப் பொறுமையாகப் படியுங்கள். ‘அச்சில் இல்லாதபோது’ என்று மட்டும் இருந்தால் இன்றைக்கு அது எந்தக் காலத்திலும் நடக்காது. ஒரு டிஜிட்டல் கோப்பு ஏதோ ஒரு தளத்தில் விற்பனைக்குக் கிடந்தாலே அச்சில் இருப்பதாகச் சொல்லிவிடலாம். ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே போனால், அல்லது ஆண்டு வரவு இவ்வளவு டாலருக்குக் கீழே இறங்கினால் உரிமை திரும்பும் என்று எண்ணைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சுவார்த்தையில் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். கேட்டால்தான்.